2147483647: ஒரு முதன்மை எண்ணை எப்படி நம்புவது?

இந்தக் கட்டுரை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. அந்தப் பிழை என்னுடையது.

லுணுகலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் தரம் 9 பிள்ளைகள் ஐந்து பேர் வந்து உட்காருவார்கள். நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிப்பதால் எனக்குத் தெரிந்ததை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஊர்ப் பிள்ளைகள் நால்வரும் என்னைத் தாத்தா என்பார்கள். தோட்டத்திலிருந்து இறங்கி வரும் ஒருத்தி மட்டும் அக்கா என்பாள்.

ஒரு நாள் பலகையில் இப்படி எழுதினேன்:

2² − 1 = 3
2³ − 1 = 7
2⁵ − 1 = 31
2⁷ − 1 = 127

"இந்த நான்கு விடைகளும் முதன்மை எண்கள். சுட்டியில் இருக்கும் 2, 3, 5, 7 என்பனவும் முதன்மை எண்கள். ஆகவே சுட்டி முதன்மை எண்ணாக இருந்தால் விடையும் முதன்மை எண்ணாகவே இருக்கும். அடுத்தது 2¹¹ − 1, அதாவது 2047. அதுவும் முதன்மை எண்தான்" என்று சொன்னேன். எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். தோட்டத்துத் தங்கை மட்டும் ஓரத்தில் ஏதோ வகுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தலையை நிமிர்த்தி, "அக்கா, 23ஆல வகுத்துப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள.

நான் வகுத்துப் பார்க்கவில்லை. 23 × 89 = 2047.

நான்கு உதாரணங்களைப் பார்த்துவிட்டு ஐந்தாவதை நம்பிவிட்டேன். நான் நம்பியதோடு நிற்கவில்லை. என்னை நம்பிய நான்கு கொப்பிகளிலும் ஒரு பொய்யை ஏற்றிவிட்டேன். "அடுத்த கிழமை திருத்திச் சொல்கிறேன்" என்று அன்று வகுப்பை முடித்தேன். அந்த ஒரு கிழமை என்னை விடாத கேள்வி இதுதான்: ஓர் எண் முதன்மை எண் என்று ஒருவர் சொன்னால் அதை எப்படி நம்புவது? 2047க்கே இந்தக் கதி என்றால், பத்து இலக்கம், நாற்பது இலக்கம் கொண்ட எண்களை யார், எப்படிச் சோதித்தார்கள்?

கதிரை அடுக்கும் கணக்கு

முதலில், மறந்துபோன பெற்றோர்களுக்காக ஒரு நினைவூட்டல். மீலாத் விழாவுக்கு மண்டபத்தில் கதிரை அடுக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 12 கதிரைகள் இருந்தால் 3 வரிசையில் நான்கு நான்காகவோ, 2 வரிசையில் ஆறு ஆறாகவோ அடுக்கலாம். 13 கதிரைகள் இருந்தால் எப்படி முயன்றாலும் சமமான வரிசைகள் வராது. ஒரே வரிசையில்தான் வைக்க வேண்டும். 1ஆலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடும், 1ஐ விடப் பெரிய எண் முதன்மை எண். தமிழ்நாட்டு நூல்களில் இதனைப் பகா எண் என்பார்கள். 12 போன்று பிரிக்கக் கூடியது சேர்த்தி எண்.

இந்தக் கட்டுரைக்காக நான் எடுத்துக்கொண்ட முதன்மை எண் 2147483647. இது 2³¹ − 1. நீங்கள் அறியாமலே இந்த எண்ணோடு பழகியிருக்கிறீர்கள். கணினிகள் பலவற்றில் ஒரு முழு எண்ணை வைக்க 32 இடங்கள் ஒதுக்கப்படும். அதில் ஒன்று சக அல்லது சய குறிக்குப் போனால் மீதி 31 இடங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான். 2014 டிசம்பரில் யூடியூப்பில் 'கங்னம் ஸ்டைல்' பாடலைப் பார்த்தவர்களின் கணக்கு இந்த எல்லையைத் தாண்டியதாகச் செய்தி வந்தது. 1970 ஜனவரி 1இலிருந்து விநாடிகளை எண்ணி நேரத்தைக் கணிக்கும் பழைய கணினிகள், 2038 ஜனவரி 19 அன்று, இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு, இந்த எண்ணில் வந்து நிற்கும்.

இதற்கு இன்னொரு அழகும் உண்டு. 6இன் காரணிகளில் 6ஐ விட்டு மற்றவற்றைக் கூட்டினால் 1 + 2 + 3 = 6. இத்தகைய எண்களை நிறைவெண்கள் என்பர். அடுத்தது 28. 2ஐப் பலமுறை பெருக்கி ஒன்றைக் குறைத்துக் கிடைப்பது முதன்மை எண்ணாக இருந்தால் அதிலிருந்து ஒரு நிறைவெண்ணை உண்டாக்கலாம் என்று யூக்கிளிட் காட்டினார். நமது எண்ணிலிருந்து கிடைப்பது 2³⁰ × 2147483647 = 2305843008139952128. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 2147483647 முதன்மை எண்தானா என்பது உறுதியாக வேண்டும்.

இப்னுல் ஹைதமின் 721

ஒளியியலின் தந்தை என்று நாம் படிக்கும் இப்னுல் ஹைதம் ஏறத்தாழ 965இல் பஸ்ராவில் பிறந்து, ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் மறைந்தவர். அவர் ஆராய்ந்த கணக்கு ஒன்று இது: 2, 3, 4, 5, 6 ஆகிய எதனால் வகுத்தாலும் மீதி 1 வர வேண்டும், 7ஆல் வகுத்தால் மீதியே வரக்கூடாது. அந்த எண் எது?

அவர் தந்த விடைகளில் ஒன்று 721. 1 × 2 × 3 × 4 × 5 × 6 = 720. அதோடு 1ஐக் கூட்டினால் 721. 720 ஆனது 2 முதல் 6 வரை எல்லாவற்றாலும் வகுபடும் என்பதால் மீதி 1 வருவது வியப்பல்ல. 721 = 7 × 103 என்பதுதான் வியப்பு. இது 7க்கு மட்டும் உரிய தற்செயல் அல்ல. 5ஐ எடுத்தால் 1 × 2 × 3 × 4 + 1 = 25; இது 5ஆல் வகுபடும். சேர்த்தி எண்ணான 6ஐ எடுத்தால் 1 × 2 × 3 × 4 × 5 + 1 = 121; இது 6ஆல் வகுபடாது. ஓர் எண்ணுக்கு முந்திய எல்லா எண்களையும் பெருக்கி 1ஐக் கூட்டினால், அது முதன்மை எண்ணாயின் மட்டுமே வகுபடும். இன்று இது வில்சன் தேற்றம் எனப்படுகிறது. 1771இல் லாக்ராஞ்சு இதனை நிறுவினார். அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தப் பண்பு இப்னுல் ஹைதமின் கையில் இருந்திருக்கிறது.

இது பிழைக்காத சோதனை. ஆனால் 2147483647ஐச் சோதிக்க இருநூறு கோடிக்கும் மேற்பட்ட எண்களைப் பெருக்க வேண்டும். உண்மை கையில் இருக்கிறது. அதை எட்டும் வழிதான் மிக நீளம்.

ஒயிலரின் 372

தங்கை செய்தது போல் வகுத்தே பார்க்கலாமா? ஓர் எண்ணுக்குக் காரணி இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு காரணியாவது இருந்தே தீரும். 2047இன் வர்க்கமூலம் 45ஐச் சற்றுத் தாண்டும். 45 வரை பார்த்தால் போதும். 2147483647க்கு 46340 வரை பார்க்க வேண்டும். அதற்குள் 4792 முதன்மை எண்கள் இருக்கின்றன. அவ்வளவு தடவை பத்து இலக்க எண்ணை வகுப்பதென்றால் கொப்பிகள் தீர்ந்துபோகும்.

இங்கேதான் லியோனார்ட் ஒயிலர் வருகிறார். 1772இல், கண்பார்வையை ஏறத்தாழ முழுவதும் இழந்திருந்த நிலையில், இந்த எண் முதன்மை எண் என்பதை உறுதிசெய்தார். எல்லா எண்களாலும் அவர் வகுக்கவில்லை. "இதற்குக் காரணி ஒன்று இருந்தால் அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?" என்று முதலில் கேட்டார். 2³¹ − 1இன் எந்தக் காரணியும் 62இன் மடங்கோடு 1ஐக் கூட்டியதாகவே இருக்க வேண்டும். அத்துடன் அதை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7ஆக இருக்க வேண்டும். 63, 125, 187, 249, 311 என்று போகும் வரிசையில் இரண்டாம் நிபந்தனை 125ஐயும் 187ஐயும் தள்ளிவிடும். இப்படித் தள்ளிக்கொண்டே போனால் 372 தடவைகளுக்கு மேல் வகுக்க வேண்டியதில்லை. ஒன்றாலும் வகுபடவில்லை. 1867 வரை மனிதன் அறிந்த மிகப் பெரிய முதன்மை எண்ணாக 2147483647 இருந்தது.

என் 2047க்கு இதைப் போட்டுப் பார்த்தேன். அங்கே சுட்டி 11. ஆகவே காரணி 22இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும். முதல் எண்ணே 23! ஒரே ஒரு தடவை வகுத்திருந்தால் போதும். எனக்குக் கிடைத்த சிறிய ஆறுதல், என்னைப் போல் நம்பியவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள் என்பதுதான். 2047 = 23 × 89 என்று 1536இல் ஹூடால்ரிகஸ் ரேகியஸ் எழுதிக் காட்டும்வரை அந்த நம்பிக்கை உலாவியது.

பொய் சொல்லும் எண்கள்

வகுக்காமலே சோதிக்க முடியுமா? பதினேழாம் நூற்றாண்டில் பேர்மா ஒரு பண்பைக் கண்டார். ஒரு முதன்மை எண்ணை எடுங்கள். அதன் மடங்கல்லாத வேறோர் எண்ணுக்கு, முதன்மை எண்ணில் ஒன்று குறைந்த சுட்டியைக் கொடுங்கள். கிடைப்பதை அந்த முதன்மை எண்ணால் வகுத்தால் மீதி எப்போதும் 1. உதாரணமாக 7ஐ எடுத்தால் 2⁶ = 64; 64ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1.

அப்படியானால் மீதி 1 வந்தால் அது முதன்மை எண் என்று சொல்லிவிடலாமா? நான் ஆவலோடு 2047ஐ எடுத்தேன். 2¹¹ = 2048; 2047ஆல் வகுத்தால் மீதி 1. 2046 = 11 × 186. ஆகவே 2இன் 2046ஆம் வலுவை 2047ஆல் வகுத்தாலும் மீதி 1தான் வரும். அதாவது 2047 இந்தச் சோதனையில் சித்தியடைந்துவிடுகிறது! முதன்மை எண்ணின் பண்பு அதனிடம் இருக்கிறது. ஆனால் அது முதன்மை எண் அல்ல.

"2ஐ விட்டு வேறு எண்ணால் சோதித்தால் பிடிபடுமே" என்று நினைக்கலாம். 2047 பிடிபடும். எதனாலும் எளிதில் பிடிபடாத எண்களும் உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தமிழர்கள் எல்லோரும் அறிவார்கள். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், நோயுற்றிருந்தபோது தம்மைப் பார்க்க வந்த ஹார்டியின் வாடகை வண்டி இலக்கத்தைக் கேட்டு, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்றாரே, அந்த 1729தான். 1³ + 12³ = 9³ + 10³ = 1729.

அந்த எண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. 1729 = 7 × 13 × 19. இந்த மூன்றாலும் வகுபடாத எந்த எண்ணை எடுத்து 1728ஆம் வலுவுக்கு உயர்த்தினாலும், 1729ஆல் வகுக்கும்போது மீதி 1தான் வரும். 6, 12, 18 ஆகிய மூன்றும் 1728ஐ மீதியின்றி வகுப்பதே காரணம். முதன்மை எண்ணின் வேடத்தை இவ்வளவு கச்சிதமாகப் போடும் சேர்த்தி எண் இது.

இங்கே ஒரு பாடம் படித்தேன். "முதன்மை எண் என்றால் இந்தப் பண்பு இருக்கும்" என்பது வேறு. "இந்தப் பண்பு இருந்தால் முதன்மை எண்" என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பரீட்சையிலும் புள்ளிகள் போகின்றன, பல நேரம் மனிதர்களை எடைபோடுவதிலும் தவறிவிடுகிறோம்.

பூச்சியம் வந்தால் நம்பு

பொய் சொல்ல இடம் கொடுக்காத சோதனைக்கு 1870களில் பிரான்ஸின் எதுவார் லூக்கா வழிவகுத்தார். பின்னர் அமெரிக்கரான லேமர் அதனைச் செப்பனிட்டார். 2ஐப் பலமுறை பெருக்கி ஒன்றைக் குறைத்த எண்களுக்கு மட்டும் உரியது இது. செய்முறை மிக எளிது. 4இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியைக் கொண்டு மறுபடியும் அதையே செய்யுங்கள். சுட்டியை விட இரண்டு குறைவான தடவைகள் செய்த பின் பூச்சியம் வந்தால் அது முதன்மை எண், வராவிட்டால் இல்லை. 3க்கு அப்பால் உள்ள முதன்மைச் சுட்டி எதற்கும் இது பொருந்தும்.

127க்குச் சுட்டி 7. ஆகவே ஐந்து தடவை. 4இலிருந்து 14, 67, 42, 111, 0. பூச்சியம் வந்துவிட்டது.

2047க்குச் சுட்டி 11, ஒன்பது தடவை. 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூச்சியம் வரவில்லை. பேர்மாவின் சோதனையில் தப்பிய 2047 இங்கே அகப்பட்டுக்கொண்டது. 2147483647க்கு ஒயிலர் 372 வகுத்தல்களைக் கணக்கிட்டார். இந்த முறையில் 29 படிகள் போதும்.

இதில் ஒரு விநோதத்தைக் கவனித்தீர்களா? 2047 சேர்த்தி எண் என்று தெரிந்துவிட்டது. ஆனால் 23, 89 என்ற காரணிகள் அந்த ஒன்பது படிகளில் எங்கும் தலைகாட்டவில்லை. 1644இல் மேர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி வெளியிட்ட பட்டியலில் 2⁶⁷ − 1 முதன்மை எண் என்று இருந்தது. 1876இல் லூக்கா அது தவறு என்று காட்டினார். அப்போதும் அதன் காரணிகள் எவருக்கும் தெரியாது. 1903இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அந்தக் காரணிகளை வெளியிட்டார். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் பலகைக்குச் சென்று ஒரு பக்கத்தில் 2⁶⁷ − 1ஐக் கணித்து எழுதினார், மறு பக்கத்தில் 193707721 × 761838257287 என்று பெருக்கினார், இரண்டு விடைகளும் ஒன்றாக வந்ததும் போய் உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. நானும் ஒரு பலகையில் எழுதினேன். நிறையப் பேசவும் செய்தேன். எண்ணைத்தான் சோதிக்கவில்லை.

கான்பூரிலிருந்து வந்த விடை

லூக்காவின் முறை ஒருவகை எண்களுக்கு மட்டும் உரியது. எந்த எண்ணுக்கும் பொருந்தும், ஒருபோதும் பிழைக்காத, பெரிய எண்ணுக்கும் விரைவாக முடியும் என்று நிறுவப்பட்ட முறை ஒன்று இருக்கிறதா? இதற்கு 2002 ஓகஸ்டில் இந்தியாவின் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து விடை வந்தது. பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் இளமாணிப் படிப்பை முடித்திருந்த அவரது மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இருவரும் சேர்ந்து கண்டது அது. 2004இல் உலகின் முதன்மையான கணித இதழ்களில் ஒன்றில் வெளியாகி, 2006இல் கோடெல் பரிசும் பெற்றது.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், அதன் அடித்தளம் நம் உயர்தரப் பாடத்தில் இருக்கும் ஈருறுப்பு விரிவு. (ய + 1)⁷ஐ விரித்தால் குணகங்கள் 1, 7, 21, 35, 35, 21, 7, 1. இரு முனைகளிலுள்ள 1களை விட்டால் மற்றவை எல்லாம் 7ஆல் வகுபடும். (ய + 1)⁹ஐ விரித்தால் 1, 9, 36, 84 என்று போகிறது. 84 ஆனது 9ஆல் வகுபடாது. ஏன்? 35 என்பது 7 × 6 × 5ஐ 3 × 2 × 1ஆல் வகுத்து வந்தது. கீழே உள்ளவை எல்லாம் 7ஐ விடச் சிறியவை. 7 முதன்மை எண் என்பதால் அதை எதுவும் வெட்ட முடியாது. 84 என்பது 9 × 8 × 7ஐ 3 × 2 × 1ஆல் வகுத்து வந்தது. அங்கே கீழே உள்ள 3, மேலே உள்ள 9இல் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. நடுவிலுள்ள குணகங்கள் எல்லாம் வகுபட்டால் மட்டுமே அது முதன்மை எண். 1729 கூட இதில் தப்ப முடியாது.

ஆனால் 2147483647க்கு விரித்தால் 2147483648 உறுப்புகள் வரும். கான்பூர் மூவரும் செய்தது இதைச் சுருக்கியதுதான். அந்த நீண்ட பல்லுறுப்பியை ஒரு சிறிய பல்லுறுப்பியால் வகுத்து, மீதியை மட்டும் பார்த்தார்கள். பொருத்தமான சிறிய பல்லுறுப்பி ஒன்றைத் தெரிந்து, 1க்குப் பதிலாக வேறு சில எண்களையும் இட்டுச் சோதித்தால், பொய்யான எண் எதுவும் தப்பாது என்று நிறுவினார்கள். வகுத்துப் பார்க்கும் முறையில் இலக்கங்கள் கூடக் கூட வேலை கட்டுக்கடங்காமல் பெருகும். இவர்களின் முறையில் இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டித்தாலும் வேலை ஒரு குறித்த அளவு மடங்குக்கு மேல் கூடாது.

இதனால் என்ன பிரயோசனம்?

உம்மா கேட்ட கேள்வி இது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வங்கிக்குப் பணம் அனுப்பும்போது, அந்தச் செய்தியை நடுவில் வேறு யாரும் வாசிக்காமல் காப்பதற்கு 1977இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு முறை, இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவதில் தங்கியிருக்கிறது. பெருக்கம் 617 இலக்கங்கள் கொண்டதாகவும் இருக்கலாம். பெருக்குவது எளிது; பெருக்கத்தைப் பார்த்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஓர் எண் முதன்மை எண்ணா என்று விரைவாகச் சொல்ல முடிவதும், சேர்த்தி எண்ணின் காரணிகளை விரைவாகச் சொல்ல முடியாதிருப்பதும் சேர்ந்துதான் அந்தப் பூட்டு. கோலின் பலகையில் கண்ட அதே வேறுபாடுதான் இது.

இன்று நாம் அறிந்த மிகப் பெரிய முதன்மை எண் 2024 ஒக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்டது. 2இன் 136279841ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழித்தது அது. அதற்கு 41024320 இலக்கங்கள். முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்று யூக்கிளிட் நிறுவியிருப்பதால், இதை விடப் பெரியது இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த சனிக்கிழமை

சொன்னபடி அடுத்த கிழமை பலகையில் 2047 என்று எழுதி, "நான் சொன்னது பிழை, கொப்பியில் வெட்டிவிடுங்கள்" என்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. பின்னர் 4இல் தொடங்கி ஒன்பது படிகளையும் எல்லோருமாகச் செய்தோம். 1736 வந்தது. தோட்டத்துத் தங்கை, "நான் வகுத்தேன், அக்கா. இதில வகுக்காமலே தெரியுதே!" என்றாள். அன்றைக்கு அந்த விறாந்தையில் யாரும் யாரையும் நம்ப வேண்டியிருக்கவில்லை. ஐந்து கொப்பிகளிலும் அவரவர் கையால் வந்த 1736 இருந்தது.

பெரியவர்கள் சொன்னால், புத்தகத்தில் இருந்தால், உயர்தரம் படிக்கும் தாத்தா சொன்னால் நம்பிவிடும் பழக்கம் நமக்குண்டு. மரியாதை நல்லதுதான். ஆனால் கணிதத்தில் தரம் 9 பிள்ளையும் ஒயிலரிடம் "வகுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்கலாம். ஒயிலரிடம் அதற்கு விடை இருந்தது. என்னிடம்தான் இருக்கவில்லை.

வாசிக்கும் தங்கைகளுக்கு ஒரு வேலை. 2¹³ − 1 = 8191. சுட்டி 13 என்பதால் பதினொரு படிகள். பூச்சியம் வருகிறதா என்று நீங்களே செய்து பாருங்கள். ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம், இன்ஷா அல்லாஹ். நான் விடையைச் சொல்லப்போவதில்லை.